இரண்டு விரல் உயரம்

பொடிசுக்கு நாற்பத்து நான்கு வயது. என் தோளுக்குக் கீழேதான் இருப்பாள். அந்தப் பேரை யார் வைத்தார்களோ தெரியாது. சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பதினாறு வருஷமாக ஒரே ஷிப்ட். குடியிருப்பதும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் இருப்பது சுவர் என்று பேருக்குத்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

சலவைக்கூடம் என்றால் ஏதோ துணி துவைக்கிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வார்டிலிருந்து வருகிற மூட்டையைப் பிரிக்கும்போது நின்று பார்க்கட்டும், தெரியும். ரத்தம், சீழ், மருந்து, சில சமயம் யாரோ கழற்றி மறந்த பல் செட். அதையெல்லாம் பிரித்து, உதறி, ஏழாம் நம்பர் இயந்திரத்துக்குள் திணிப்பது பொடிசின் வேலை. துவைத்து வந்ததை இஸ்திரி ரோலரில் விட்டு மடிப்பது என் வேலை. தரையில் எந்நேரமும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் எல்லோருக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் உண்டு. அடிப்பாகம் கனமாக, வழுக்காமல் இருக்க வரிவரியாக வெட்டியிருக்கும். ஷிப்ட் முடிகிறபோது பூட்ஸைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கும். பாதி நாள் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அவளால் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. "பொடிசு, ஏழாம் நம்பர் நின்னுபோச்சு!" "பொடிசு, ஆபரேஷன் தியேட்டர்ல பச்சைத் துணி இன்னும் வரலன்னு கத்தறாங்க!" "பொடிசு, இந்த மூட்டைய யாரு இங்க போட்டது?" எதற்கும் அவள்தான். வீட்டுக்கு வந்தால் அங்கே அவள் புருஷன். எங்கள் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார். இடது கையும் இடது காலும் போயின, பேச்சு தப்பித்தது. கூப்பிடுவதற்குக் கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். கட்டில் கம்பியில் அதைத் தட்டினால் டங் டங் என்று என் அறைக்குள்ளேயே மணி அடிக்கிற மாதிரி இருக்கும். தண்ணீருக்கு இரண்டு தட்டு, மற்றதுக்கு மூன்று. எனக்கே எரிச்சல் வரும் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

புதன்கிழமைதோறும் அவரை ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆட்டோவில் அழைத்துப்போக வேண்டும். பணியாளர் குடும்பத்துக்கு அது இலவசம். வேலை போனால் அதுவும் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

போன மாதம் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார்கள். முதல் தேதியிலிருந்து பணியாளர் வேன் கிடையாதாம். காலை ஷிப்ட் வழக்கம்போல ஐந்து மணிக்கு. முதல் பஸ்ஸோ ஆறு மணிக்கு.

"அப்ப எப்படி சார் வர்றது?" என்று நான் கேட்டேன்.

சூப்பர்வைசர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது உங்க பாடும்மா. அஞ்சு மணிக்கு ஏழாம் நம்பர் ஓடணும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. வெளிய ஆள் வரிசையில நிக்குது."

எனக்கு வீட்டில் ஆள் இல்லை. மூன்றே முக்காலுக்குக் கிளம்பி நடந்துவிடலாம். அவளால் முடியுமா? புருஷனை எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், துடைத்து, சட்டை மாற்றி, மத்தியானம் வரைக்கும் வேண்டியதைக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும். அதற்கே நாலரை ஆகிவிடும்.

அன்றைக்கு டீ குடிக்கும்போது சொன்னாள்: "வண்டி வாங்கப் போறேன்டி."

முகத்தில் கவலை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. "உன் வேலை போயிடுமோன்னு நான் கவலப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், உனக்குச் சிரிப்பு வருதா?" என்றேன்.

வண்டிப் பைத்தியம் அவளுக்குப் புதுசு இல்லை. இயந்திரங்கள் போடுகிற கூச்சலுக்கு நடுவிலும் வெளியே வண்டி சத்தம் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவாள். "லேப் தம்பி வந்துட்டான். செயின் தொளதொளன்னு கிடக்கு, சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்பாள். டீ நேரத்தில் நாங்கள் உட்கார இடம் தேடுவோம். அவள் கழித்துப் போட்ட தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், யார் யாருடைய சீட்டையோ துடைத்துக்கொண்டிருப்பாள். வார்டில் பழைய பேப்பர் கட்டுவதற்கு முன்னால் வண்டிப் படம் போட்ட பக்கங்களைக் கிழித்து எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறாள். டிரைவர் நன்றாக இருந்த காலத்தில் கேலி செய்வார்: "லாரிக்காரன் பொண்டாட்டிக்கு ரெண்டு சக்கரம் போதுமா?"

பாய்லர்காரன் அவளுக்குத் தம்பி மாதிரி. முப்பது வயசு இருக்கும். ஒரு பழைய பைக் வைத்திருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறைக்குப் பின்னால் சாம்பல் கொட்டிய மைதானத்தில் மூன்று வாரம் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வேலைக்கு நடுவில் ஓடிப்போய், ஓட்டிவிட்டு, திரும்ப ஓடிவருவாள். தூக்குச்சட்டி திறக்காமலே கிடக்கும்.

"அக்கா, கிளட்ச்சப் பட்டுன்னு விடாதீங்க. தூங்கற குழந்தையக் கீழ விடற மாதிரி விடுங்க."

"எனக்குத்தான் குழந்தையே இல்லையேப்பா."

"அப்ப டிரைவர் அண்ணன விடற மாதிரி விடுங்க."

"அவர விட்டா டொம்முன்னுதான் விடுவேன்," என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். லைசென்ஸ் பரிசோதனைக்கும் ஷிப்டிலிருந்து நேராகப் போனாள், யூனிபாரமும் பூட்ஸுமாக. அங்கே இருந்த அதிகாரி அவள் காலைப் பார்த்துவிட்டு, "மீன் பிடிக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டாராம். ஆனாலும் முதல் தடவையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டில்தான் ஒத்துவரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூட்டி எடு," என்றார் டிரைவர்.

"பைக்தாங்க எடுக்கப்போறேன்."

"உன் உயரத்துக்கு ஸ்கூட்டிதான் லேசா இருக்கும். கியர் கிடையாது. முன்னால பை வெச்சுக்கலாம்."

"போற வழியில பாலத்துக்குக் கீழ ரோடு கிடக்கிற கிடப்புக்கு அந்தச் சின்னச் சக்கரம் தாங்குமா? நீங்கதானே சொல்வீங்க, பெரிய சக்கரம் பள்ளத்தத் தாண்டும், சின்னச் சக்கரம் பள்ளத்துலயே உக்காந்துக்கும்னு?"

"அது லாரிக்குச் சொன்னது."

"பள்ளம் ஒண்ணுதானே?"

பிறகு டம்ளர் இரண்டு தட்டு தட்டியது. அவள் எழுந்து போகிற காலடி கேட்டது.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நானும் கூடப் போனேன். பழைய வண்டி வாங்கி விற்கிற கடை அது. வரிசையாக முப்பது நாற்பது வண்டிகள் தூசி படிந்து நின்றன. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும், நான்கு பூட்ஸையும் பார்த்துவிட்டு நேராக ஒரு வெள்ளி நிற ஸ்கூட்டியிடம் கூட்டிப்போனார்.

"இது ஒரு டீச்சரம்மா வெச்சிருந்தது. ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாங்க."

"அது என்ன, அந்தக் கறுப்பு?" என்றாள் பொடிசு.

"அது பைக்கும்மா."

"தெரியுது. அதத்தான் கேக்கறேன்."

பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. முதலில் என்ஜினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்னாலேயே கிளப்பிச் சரிபார்த்து வைத்திருக்கிறான் என்று அர்த்தமாம். சில்லென்று இருந்தது. குனிந்து அடியில் எண்ணெய் கசிவு உண்டா என்று பார்த்தாள். செயினைத் தூக்கித் தொய்வு பார்த்தாள். முன் சக்கரத்தைத் திருப்பிக் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "இவங்க வீட்டுக்காரர் மெக்கானிக்கா?" என்று கேட்டார்.

"இவளே எல்லாம்தான்," என்றேன்.

ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையில் படிந்தன. பாதம் முழுசாக இல்லை, ஆனால் படிந்தன. "எட்டுதா?" என்று கேட்டேன். "எட்டுதுடி," என்றாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பதினாறு வருஷத்தில் பார்த்தது கிடையாது. சேர்த்து வைத்திருந்ததை அங்கேயே எடுத்துக் கொடுத்தாள். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு வரை ஓட்டி வந்தாள். வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன், "மெதுவா, மெதுவா, பஸ்ஸு, பஸ்ஸு" என்று. அவள் வாயே திறக்கவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் இனிமேல் நடக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. அதை மறைக்கவில்லை.

டிரைவர் வாசல்வரை தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து வண்டியைப் பார்த்தார். பின் சீட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல வண்டி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த மெல்லிசுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பொடிசு வண்டியை வெளியே எடுத்தாள். தெருவே நின்று பார்த்தது. பார்க்காமல் இருக்குமா? முனை வரை அழகாகப் போனாள். முனையில் ஒரு காய்கறி வண்டிக்காக நிறுத்தி, இடது காலை ஊன்றினாள்.

ஊன்றினாள் என்று நான் சொல்கிறேன். கால் போன இடத்தில் தரை இல்லை. ஒரு கணம் அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் தெரிந்தது, அவ்வளவுதான். வண்டி அவளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது. கிளட்ச் லீவர் வளைந்தது. முழங்காலில் தோல் உரிந்தது.

நான்கு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். தூக்கிய கையோடு பேச்சும் ஆரம்பித்தது. "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்?" "ஸ்கூட்டி எடுத்திருக்கலாம்ல?" "லைசென்ஸ் எப்படிக் கொடுத்தான் இவங்களுக்கு?" அவள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். நான் மஞ்சள் மருந்தும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஓட்டத் தெரியலடி. தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன்."

"அதெப்படி? வெள்ளிக்கிழமை என்ன வெச்சு ஓட்டினியே?"

"அது ஏதோ குருட்டாம்போக்குல. நாளைக்கு அஞ்சு மணி. போற வழியில விழுந்தா யாரு தூக்கறது? திருப்பிக் கொடுத்துடறேன். வேலைய விட்டுடறேன். போதும்டி, எல்லாம் போதும்." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் வாசலோரம் கிடந்த செருப்பில் இருந்தது. பிறகு மூலையில் கிடந்த பூட்ஸுக்குப் போனது. திரும்பச் செருப்புக்கு வந்தது.

"தங்கச்சி, அந்த பூட்ஸ கொஞ்சம் எடு," என்றார் என்னிடம். "செருப்பையும்."

எடுத்துக் கொடுத்தேன். பூட்ஸை மடியில் வைத்து, அடிப்பாகத்தில் வலது கை விரலை வைத்து அளந்தார். இரண்டு விரல் முழுசாக இருந்தது. செருப்பைத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்துபோய், விரல் வைக்க இடமே இல்லை.

"ஏய் பொடிசு. பாய்லர் ரூம்ல ஓட்டினப்ப கால்ல என்ன?"

"என்ன, பூட்ஸ்தான்."

"லைசென்ஸுக்கு?"

"பூட்ஸ்."

"கடையில ஏறிப் பார்த்தப்ப?"

அவள் அவர் மடியைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் பூட்ஸ் இல்லாமல் எந்த வண்டியிலும் உட்காரவில்லை. எங்களுக்கு அது காலோடு ஒட்டிய தோல். அதற்கு உயரம் இருக்கிறது என்பதே தோன்றவில்லை, இவளுக்கும் தோன்றவில்லை, கூடவே நின்ற எனக்கும் தோன்றவில்லை. பதினாறு வருஷ அனுபவம், வெட்கக்கேடு.

டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகும், ஆனாலும் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வண்டிய அக்குவேறா ஆணிவேறா பார்த்தவ, தன் காலப் பார்க்கல!" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலில் மருந்து எரிய எரியச் சிரித்தாள்.

அப்புறம் வண்டியை அறை வாசலுக்கு உருட்டி வரச்சொன்னார் என்னிடம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வலது கையில் ஸ்பானரைப் பிடித்து லீவரைத் தளர்த்தினார். மறுபக்கத்தைப் பொடிசு பிடித்துக்கொண்டாள். இருட்டிவிட்டதால் நான் விளக்குப் பிடித்தேன். "நிமித்தாத, ஒடிஞ்சிடும். வளைஞ்சது வளைஞ்சபடி இருக்கட்டும், கொஞ்சம் கீழ திருப்பி வெச்சா உன் விரலுக்குக் கிட்டவா வரும்," என்றார். நட்டை இறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ஏன் ஸ்கூட்டி ஸ்கூட்டின்னு சொன்னேன் தெரியுமா? இந்தக் காலைத் தூக்கி பைக்குக்கு அந்தப் பக்கம் போட முடியாது. ஸ்கூட்டின்னா சீட்டு தாழ்வா இருக்கும், பின்னால ஒரு பக்கமா ஒக்காந்துக்கலாம். புதன்கிழமை உன்கூட வரலாம்னு பார்த்தேன்."

"தெரியும்," என்றாள் பொடிசு.

"தெரியுமா?"

"தெரிஞ்சுதாங்க பைக் எடுத்தேன்."

ஸ்பானர் நின்றது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், போக முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. கண்ண முழிச்சா நீங்க கூப்பிடறீங்க. அங்க போனா அவங்க கூப்பிடறாங்க. வேன்ல ஏறினா இவ பேசிக்கிட்டே வருவா." என்னைத்தான் சொன்னாள். "வீட்டுக்கு வந்தா திரும்ப டம்ளர். உங்க மேல வெறுப்பு இல்லங்க, சத்தியமா இல்ல. அலுத்துப்போச்சு. போறதுக்கு இருபது நிமிஷம். அது மட்டும் எனக்கு வேணும்."

டிரைவர் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"இருபது நிமிஷம்தானே?"

"இருபதுதான்."

"பாலத்துக்குக் கீழ மெதுவாப் போ. இருபத்தஞ்சா வெச்சுக்கோ," என்றார். "எனக்கு ஆட்டோ இருக்கவே இருக்கு."

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'பேசிக்கிட்டே வருவா' என்றாளே, அது நெஞ்சில் முள்ளாக நின்றது. பதினாறு வருஷமாக அவளுக்குத் துணையாகப் பேசிக்கொண்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் தேதி. நாலரை மணிக்கு, வேனுக்கு நின்ற பழக்க தோஷம், பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பொடிசு பூட்ஸுடன் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் தரையில் இருந்தன. டிரைவர் சுவரில் சாய்ந்து நின்று, வலது கையால் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். பின் சீட்டைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஏறுடி," என்றாள்.

"நான் வரல. அன்னைக்குப் பின்னால உக்காந்ததுலேருந்து தலை சுத்துது. நடந்தே வந்துக்கறேன்."

பொய் என்று அவளுக்குத் தெரியும். என் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"விடட்டுமா?" என்றார் டிரைவர்.

"விடுங்க."

விட்டார். கிளட்ச்சை மெதுவாகத்தான் விட்டாள். முனை திரும்பி விளக்கு மறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "செகண்ட் கியர் போட்டுட்டா," என்றார். பிறகு, "தேர்டு." அப்புறமும் சாய்த்த தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு எப்போதோ சத்தம் நின்றுபோயிருந்தது. அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது போலும். "டாப்பு. பாலம் தாண்டிட்டா," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

நான் நடந்தேன். நாலரைக்குக் கிளம்பி நடந்தால் எப்போது போய்ச் சேருவது? சேர்ந்தபோது ஐந்தே முக்கால். சூப்பர்வைசர் என் பேருக்கு எதிரே சிவப்பில் கோடு போட்டுவிட்டு, "நாளைக்கும் இப்படின்னா வீட்டிலயே இருந்துக்கோங்க," என்றார். சரி என்றேன். நாளையிலிருந்து மூன்றே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும், வேறென்ன.

ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. பொடிசு வார்டு மூட்டை ஒன்றைப் பிரித்து, கறை பட்ட விரிப்புகளைத் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பூட்ஸில் பாலத்தடிச் சேறு அப்பியிருந்தது.

"எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அவ்ளோ தூரமும் யாருமே என்னக் கூப்பிடலடி," என்றாள்.

"பொடிசு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "இதோ வர்றேன்," என்று விரிப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.